இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஸ்டேஷனைவிட்டு வெளியே விடாதீர்கள்

ஆப் வழியாக ஆட்டோ, டாக்ஸி, பைக் டாக்ஸி ஓட்டும் தொழிலாளர்கள் சங்கம்: செயற்குழுவின் நிலைப்பாட்டு அறிக்கை



சென்ற மாத விபத்தையும் அதை ஒட்டி நம் வாட்ஸாப் குழுக்களில் நடந்த சண்டையையும் இங்கே மறுபடி விவரிக்கத் தேவையில்லை. பைக் டாக்ஸியின் பின்சீட்டில் வந்த பெண்ணுக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. வண்டியின் இன்சூரன்ஸ் காலாவதியாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் வண்டி ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்துவிட்டது. ஓட்டியவர் நம் உறுப்பினர் என்பதால் அவர் பக்கம்தான் நிற்க வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். அவரை நீக்கியே ஆக வேண்டும் என்கிறார்கள் இன்னொரு சாரார். செயற்குழு நீண்ட விவாதத்துக்குப் பின், பெரும்பான்மை ஒப்புதலோடு இந்த அறிக்கையை வெளியிடுகிறது. சில இடங்களில் எல்லோருக்கும் உடன்பாடு இல்லை. அந்த இடங்களை மறைக்காமல் சொல்லியிருக்கிறோம்.

முதலில் எங்கள் நிலைப்பாடு. இன்சூரன்ஸ் இல்லாமல் விபத்தில் சிக்கிய வண்டியை, அடிபட்டவரின் இழப்பீட்டுக்குப் போதுமான ஜாமீன் கட்டாமல் உரிமையாளரிடம் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அது நம் உறுப்பினரின் வண்டியாக இருந்தாலும் இதே நிலைப்பாடுதான்.

இன்சூரன்ஸ் இல்லாத வண்டியில் அடிபட்டால் சட்டத்தில் வழியே கிடையாது என்று சிலர் ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லி, பத்தாயிரம் இருபதாயிரத்துக்கு சமரசம் எழுதி வாங்குகிறார்கள். இது பொய். சிகிச்சையிலிருந்தே வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்க முடியாது. 2025 மே மாதம் முதல் மத்திய அரசின் திட்டமும் இருக்கிறது. விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை. மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்ற கேள்வி இதில் குறுக்கே வராது. கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் உச்ச நீதிமன்றத்தில் வருடக்கணக்காக நடத்திய பொதுநல வழக்கில் நீதிமன்றம் கெடு விதித்த பிறகுதான் இது நடைமுறைக்கு வந்தது என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறோம்.

அடுத்தது இழப்பீடு. மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவில் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். நம் ஊரில் எம்.சி.ஓ.பி. என்று சொல்வது இதைத்தான். சென்னையில் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நடக்கிறது. விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, அடிபட்டவர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். யார் தவறு என்று நிரூபிக்க முடியாத நிலையில் 164ஆம் பிரிவு இருக்கிறது. உயிரிழப்புக்கு ஐந்து லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். 2022 ஏப்ரல் முதல் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற கெடு இருக்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் நிலுவையில் இருப்பதால், தாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்கால உத்தரவை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம். எஃப்.ஐ.ஆர். நகல் கையில் வாங்கியதும், அதில் 196ஆம் பிரிவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கான பிரிவு அது. அது விடுபட்டால் பின்னால் பல கதவுகள் மூடும்.

தீர்ப்பு யார் மீது வரும்? ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர் மீது. வண்டியை விற்றுவிட்டேன், பேர் மாற்றவில்லை என்று சொன்னால் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாடகைக்கு வண்டி எடுத்து ஓட்டும் தோழர்களும், ஒரே பெயரில் பத்து வண்டி வைத்து ஆப்பில் விட்டிருக்கும் ஓனர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டுநரும் பொறுப்பு, ஓனரும் பொறுப்பு.

இன்சூரன்ஸ் இருந்தும் இல்லாத நிலை ஒன்று இருக்கிறது. வெள்ளை போர்டு வண்டி, சொந்த உபயோக பாலிசி, ஆனால் சவாரி ஏற்றியிருக்கிறது. வாடகைக்கு ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை மீறப்பட்டது என்று கம்பெனி கையை விரிக்கும். பல வழக்குகளில் நீதிமன்றம், முதலில் நீ கொடு, பிறகு ஓனரிடம் வசூல் செய்துகொள் என்று உத்தரவிடுகிறது. ஆனால் தேர்ட் பார்ட்டி மட்டும் போட்ட சொந்த பைக்கின் பின்சீட்டில் இருப்பவருக்கு அந்த பாலிசி பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2006லேயே சொல்லியிருக்கிறது. பைக் டாக்ஸிப் பயணி இந்த ஓட்டையில்தான் விழுகிறார். வெள்ளை போர்டு பைக்குகளை அடியோடு நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று ஆட்டோ பிரிவுத் தோழர்கள் வற்புறுத்தினார்கள். பைக் ஓட்டும் தோழர்கள் இதை ஏற்கவில்லை. இப்போதைக்கு, பைக் டாக்ஸிக்கு உரிய பெர்மிட்டும் பயணியைச் சேர்த்த பாலிசியும் இல்லாமல் ஆப்பில் அனுமதிக்கக் கூடாது என்ற அளவில் செயற்குழு நிற்கிறது. மீதி பொதுக்குழுவில்.

ஆப் நிறுவனங்களைப் பற்றி. சம்பந்தப்பட்ட தோழர், பைக்கோடு வந்த ஐந்து வருட பாலிசி முடிந்ததே தனக்குத் தெரியாது என்கிறார். நம்புகிறோம். 2018 செப்டம்பர் முதல் புதிய பைக்குக்கு ஐந்து வருடம், காருக்கு மூன்று வருடம் என்று தேர்ட் பார்ட்டி பாலிசி சேர்ந்தே வருவதால், அது தீரும் தேதி பலருக்கும் மறந்துபோகிறது. ஆனால் அந்த பாலிசியின் படம் சேரும்போதே ஆப்பில் ஏற்றப்பட்டது. தேதி அவர்களிடம் இருக்கிறது. ரேட்டிங் குறைந்தால் நடு இரவில் ஐ.டி.யை பிளாக் செய்யத் தெரிந்த நிறுவனத்துக்கு, காலாவதியான பாலிசி மட்டும் கண்ணில் படாதா? கமிஷன் எடுக்கும்போது எங்கள் வண்டி, விபத்து நடந்தால் நாங்கள் வெறும் இணைப்புத் தளம் என்றால் அது நியாயமா? 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பயணிக்கும் ஓட்டுநருக்கும் காப்பீட்டு ஏற்பாடு செய்யும் பொறுப்பை நிறுவனங்கள் மீது வைத்திருக்கின்றன. 93ஆம் பிரிவில் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் மாநில அரசின் கையில் இருக்கிறது. பயணி நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், எம்.சி.ஓ.பி.யில் நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். நிறுவனத்தின் பொறுப்பு எவ்வளவு தூரம் என்பதில் வழக்குக்கு வழக்கு வாதம் மாறும் என்று நம் சட்ட ஆலோசகர்கள் சொல்வதால், இதற்கு மேல் உறுதி கூற இயலவில்லை.

இனி வண்டி விடுவிப்பு. செயற்குழுவில் அதிக நேரம் பேசப்பட்டது இதுதான். கோபம் வந்ததும் இதில்தான்.

தீர்ப்பு வாங்குவது ஒரு காரியம், பணம் வாங்குவது வேறு காரியம். இன்சூரன்ஸ் கம்பெனி இருந்தால் தொகை தீர்ப்பாயத்தில் டெபாசிட் ஆகிவிடும். ஓனர் மட்டும்தான் என்றால் நிறைவேற்று மனுப் போட வேண்டும். அல்லது 174ஆம் பிரிவில் சான்று வாங்கி, கலெக்டர் மூலம் நிலவரி பாக்கி போல வசூலிக்க வேண்டும். வாடகை வீட்டில் இருக்கும் மனிதரிடம், பெயரில் ஒரு சென்ட் நிலம் இல்லாத மனிதரிடம், கலெக்டர் எதை ஜப்தி செய்வார்? இதில் இன்னொரு கொடுமை. மோதிய வண்டி அடையாளம் தெரியாமல் ஓடிவிட்டால், அடித்துவிட்டு ஓடிய வழக்கு என்று அரசுத் திட்டத்தில் உயிரிழப்புக்கு இரண்டு லட்சம், கொடுங்காயத்துக்கு ஐம்பதாயிரம் உண்டு. வண்டி அங்கேயே நின்று, நம்பர் தெரிந்து, இன்சூரன்ஸ் மட்டும் இல்லை என்றால் அந்தப் பணமும் இல்லை. ஓடாமல் நின்றவரின் வண்டியில் அடிபட்டதற்கு இதுவா பரிசு?

அதனால்தான் அந்த வண்டி முக்கியம். அடிபட்டவரின் கைக்கு எட்டும் ஒரே சொத்து பல நேரம் அதுதான். இதை உணர்ந்துதான் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாத விபத்து வண்டியை, போதுமான ஜாமீன் இல்லாமல் விடுவிக்காதே. மூன்று மாதத்துக்குள் ஜாமீன் வராவிட்டால் மாஜிஸ்திரேட் மூலம் ஏலம் விடு. ஏலப் பணத்தைப் பதினைந்து நாளுக்குள் தீர்ப்பாயத்தில் கட்டு. டெல்லி விதிகளில் ஏற்கெனவே இருந்ததை எல்லா மாநிலமும் பின்பற்றச் சொன்ன உத்தரவு அது.

நடப்பது என்ன? மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பிரேக்கை அமுக்கிப் பார்த்து ரிப்போர்ட் கொடுத்ததும், 136ஆம் பிரிவு வண்டியைத் தாமதமின்றித் திருப்பித் தரச் சொல்கிறது என்று ஒரு பேச்சு வரும். ஆர்.சி. நகல், ஆதார் நகல், கேட்கும்போது வண்டியை ஆஜர்படுத்துகிறேன் என்று ஒரு கடிதம். இந்த வழக்கில் அந்தக் கட்டை எங்கள் பிரதிநிதிகள் பார்த்தார்கள். நகல்களுக்கு நடுவே காலாவதியான பாலிசியின் ஜெராக்ஸும் பின் அடித்து வைக்கப்பட்டிருந்தது. முடிவு தேதி முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. அதைப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை! வண்டி வெளியே வந்த அன்று மாலை, அந்தப் பெண்ணின் காலில் வெளிக்கம்பி பொருத்திக்கொண்டிருந்தார்கள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று விற்கும் வேலை அவருக்கு. எத்தனை மாதம் கழித்து அப்படி நிற்க முடியும் என்று டாக்டர்கள் சொல்லவில்லை.

பழைய பைக் ஏலத்தில் இருபது முப்பதாயிரத்துக்கு மேல் போகாதே, அதை வைத்து என்ன செய்வது என்று நம்மில் சிலர் கேட்டார்கள். ஜாமீன் என்பது வண்டியின் விலை அல்ல. வரக்கூடிய இழப்பீட்டுக்குப் போதுமான பொறுப்பு. அதைக் கட்டினால்தான் வண்டி என்ற நிலை வந்தால், ஓனர் தேடி வருவார், பேச வருவார், உறவினரின் சொத்தைக் காட்டியாவது ஜாமீன் கொடுப்பார். வண்டி கைக்கு வந்த மறுநாள் அவருடைய போன் எடுக்கப்படாது. நம் கண் முன்னால் நடந்தது இதுதான்.

வண்டிதானே நம் சோறு என்ற வாதத்தை நாங்கள் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்டலுக்கு வாங்கிய வண்டி ஸ்டேஷனில் நின்றால் வட்டி நிற்காது என்பது செயற்குழுவில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 75 முதல் 150 சிசி வரையிலான சொந்த உபயோக பைக்குக்கு வருடத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் 714 ரூபாய், வரி தனி. சவாரி வண்டிக்கு அதைவிடக் கூடும், கட்ட முடியாத தொகை அல்ல. அதைக் கட்டாமல் இன்னொருவர் பிள்ளையைப் பின்னால் ஏற்றுவது தொழில் அல்ல. பிடிபட்டால் அபராதம் முதல் முறை 2,000, மறுமுறை 4,000. இந்தத் தொகையைக் கட்டிவிட்டு ஓட்டலாம் என்ற கணக்குப் போடுகிறவர் யாராக இருந்தாலும், சங்கத்தின் கொடி அவர் வண்டிக்கு நிழல் தராது.

நீக்கம் பற்றி: சம்பந்தப்பட்ட தோழர் விளக்கம் அளிக்க அவகாசம் தரப்பட்டிருக்கிறது. எம்.சி.ஓ.பி.யில் அவர் உண்மையைச் சொல்லி ஆஜராக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பாலிசி தீரும் உறுப்பினர்களுக்கு முன்பணம் தரும் நிதி ஒன்றை, சங்கத்தின் வசதி அனுமதிக்கும் அளவில் பரிசீலிக்கலாம் என்றும் கருத்து வந்தது. பொருளாளர் கணக்குப் பார்த்துச் சொல்வார்.

நம் உறுப்பினர்களே அடிபடும் நேரங்களில் மேலே சொன்ன எல்லா வழியும் அவர்களுக்கும் பொருந்தும். கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடான 15 லட்சம் ஓனரே ஓட்டும்போதுதான். ஆக்டிங் டிரைவருக்குக் கிடையாது. கிக் தொழிலாளர் நல வாரியம் இந்த இடைவெளியை நிரப்ப வேண்டும் என்று தனியாக மனு கொடுக்கிறோம்.

தமிழ்நாடு அரசிடமும் காவல்துறைத் தலைமையிடமும் கேட்பது ஒன்றே. உச்ச நீதிமன்றத்தின் 2018 உத்தரவு ஒவ்வொரு போக்குவரத்துப் புலனாய்வுக் காவல் நிலையத்திலும் அமலாக வேண்டும். இன்சூரன்ஸ் முடிவு தேதியை வாகன் தளத்தில் சரிபார்க்காமல், ஜாமீன் பற்றி மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் வண்டியை விடும் அதிகாரி அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கை வர வேண்டும்.

உறுப்பினர்கள் அனைவரும் இந்த மாதச் சந்தா கட்ட வரும்போது பாலிசியை எடுத்து வந்து முடிவு தேதியைப் பதிவு செய்ய வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை விடுவிக்க, சங்கத்தின் பெயரையோ லெட்டர்பேடையோ காட்டிக்கொண்டு இனி எந்த நிர்வாகியும் எந்தக் காவல் நிலையத்துக்கும் போகக் கூடாது. போகிறவர் அன்றே பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுவார்.