நடப்பவனுக்கும் ஒரு வழி

என் பழைய மாணவி ஒருத்தியைச் சர்வகலாசாலையில் சேர்ப்பதற்காக அவளுடைய தகப்பனாருடன் நானும் போயிருந்தேன். வாசலிலிருந்து காரியாலயத்துக்கு ஒரு மைல் தூரம் இருக்கும். நடந்தோம். சாலை என்னவோ விசாலமானதுதான். ஆனால் அது முழுவதும் மோட்டார்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் சொந்தம். நடப்பவனுக்கு மிஞ்சியது ஓரத்துப் புழுதியும் தலைக்கு மேல் வெயிலுந்தான். மாணவிகள் விடுதி ஒரு கோடி. வகுப்புகள் மறு கோடி. திரும்பி வரும்போது தகப்பனார், "ஸார், சம்பளம் கட்டியாயிற்று. இனி ஸ்கூட்டருக்கும் கடன் வாங்க வேண்டுமோ?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

மோட்டாருக்குப் பேர்போன தேசம் அமெரிக்கா. அங்கே கலிபோர்னியாவில் டேவிஸ் என்னும் ஊரில் ஒரு சர்வகலாசாலை இருக்கிறது. 1959-ல் அதன் தலைமையை ஏற்றவர் எமில் ம்ராக் என்ற உணவு விஞ்ஞானி. புதுக் கட்டடங்கள் எழும்பி வந்த காலம் அது. சைக்கிளில் செல்வோரையும் நிழல் மரங்களையும் மனத்தில் வைத்துத் திட்டம் போடுங்கள் என்று அவர் நிபுணர்களிடம் சொல்லிவிட்டார். புதிதாகச் சேரும் மாணவர்களைச் சைக்கிள் கொண்டு வரும்படி தூண்டினார். நடுப் பகுதிக்குள் மோட்டார் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. சைக்கிள் பாதைகள் கூடும் சந்திகளில் வட்டங்கள் அமைத்தார்கள். எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றிப் போவதால், வகுப்பு மாறும் வேளையின் கூட்டத்திலும் ஒருவர்மேல் ஒருவர் மோதுவதற்கு இடம் குறைவு. 1967-ல் ஊராரும் தங்கள் வீதிகளில் சைக்கிளுக்கென்று கோடு போட்டுத் தனி வழி ஒதுக்கினார்கள். அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் ஊர் அதுவே.

"நம் ஊர் வெயிலுக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று சிலர் சொல்லக்கூடும். டேவிஸிலும் கோடை கடுமைதான், அதனால்தான் மரங்கள். அவ்வளவு தூரம் போவானேன்? அதே 1959-ல் சென்னையில் கிண்டிக் காட்டை ஒட்டித் தொடங்கப்பட்ட ஐ. ஐ. டி.யைப் பாருங்கள். மான்கள் மேயும் மர நிழலில் மாணவர்கள் பெரும்பாலும் சைக்கிளில்தான் போய் வருகிறார்கள். தூரம் நடக்க முடியாதவர்களுக்கு உள்ளேயே பஸ் ஓடுகிறது.

ஆகவே குறை வெயிலில் இல்லை. சாலை போடும்போது யாரை நினைத்துப் போடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. சர்வகலாசாலை அதிகாரிகளுக்கு ஒரு யோசனை சொல்லத் துணிகிறேன். ஒரே ஒரு வாரம் தங்கள் கார்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு, சித்திரை மாதத்து நடுப்பகலில் காரியாலயம் வரை நடந்து பார்க்கட்டும். எங்கே மரம் வேண்டும், எங்கே நடைபாதை வேண்டும், எந்த இடத்தில் மோட்டாரின் வேகத்தை அடக்க வேண்டும், இருட்டிய பிறகு எந்தத் திருப்பத்தில் விளக்கு வேண்டும் என்பதெல்லாம் கமிட்டி எதுவும் கூடாமலே விளங்கிவிடும்.

அதற்குப் பிறகு அந்தத் தகப்பனாருக்கு நானும் தைரியமாகப் பதில் சொல்வேன்: "கடன் வேண்டாம், ஐயா. குழந்தைக்கு ஒரு பழைய சைக்கிள் போதும். அதுவும் இல்லாவிட்டால் நடந்தே போகட்டும்."