உப்பு தூக்கலா இருக்கட்டும்ணே!

போடியிலிருந்து முந்தலுக்குப் போகும் சாலையில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். கடையில் மது கிடையாது. ஆனால் என் அடுப்பில் வெந்த குடலும் ஈரலும் பார்களுக்குப் பார்சலாகப் போகும். குடலை மஞ்சளும் கல் உப்பும் போட்டுத் தேய்த்து, தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, வேகவைத்து, மிளகு சீரகம் அரைத்துப் போட்டுச் சுண்டவிட அரைப்பொழுது போய்விடும். வாங்க வரும் பையன் ருசியைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டான். “உப்பும் காரமும் தூக்கலா இருக்கட்டும்ணே, ஓனர் சொல்லிவிட்டாரு” என்பான். வீட்டுக்கு வாங்குபவர் உப்புக் கூடினால் சட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுவார். பாருக்கு உப்புக் குறைந்தால்தான் சண்டை.

இது நம்மூர்க்காரர் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. கௌபாய் படங்களில் கதாநாயகன் இரட்டைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைவானே, அந்த மாதிரி அமெரிக்கச் சலூன்களில் ஐந்து சென்டுக்கு ஒரு பீர் வாங்கினால் சாப்பாடு இலவசம் என்ற வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் பரவியிருந்தது. மேசையில் என்ன வைத்தார்கள் என்று பாருங்கள். உப்பில் ஊறிய பன்றித் தொடை, ஊறுகாய், பாலாடைக்கட்டி, ரொட்டி. தின்றவனுக்கு நாக்கு வறண்டு இரண்டாவது பீர் கேட்கத் தோன்றும். சாப்பாட்டுக் காசு அதில் வந்துவிடும். கூடாரம் போட்டு நடத்திய எல்லைப்புறச் சலூன்களில் இந்த விருந்துகூடக் கிடையாது. அங்கே விஸ்கியில் புகையிலையும் மிளகாயும் கருக்கிய சர்க்கரையும் கலந்து ஊற்றினார்கள்.

தங்கம் கிடைத்தவன் கதை வேறு. கலிபோர்னியாவில் பிளேசர்வில் என்ற ஊருக்கு முன்பு ‘ஹேங்டவுன்’ என்று பெயர். தங்கம் தோண்டி வந்த ஒருவன், இருப்பதிலேயே விலை கூடியது எதுவோ அதைப் போடு என்றானாம். கரடுமுரடான பாதையில் உடையாமல் வந்து சேர்ந்த முட்டை, தூரத்துக் கடலிலிருந்து வந்த சிப்பி, பன்றி இறைச்சி மூன்றையும் சேர்த்துப் பொரித்துக் கொடுத்தார்களாம். அந்தப் பலகாரம் இன்றும் ஹேங்டவுன் ஃப்ரை என்ற பெயரில் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதே, அந்த வாரம் என் கடையிலும் விலை கேட்காமல் முழுக் கோழி சொன்னவர்கள் உண்டு. எல்லாரும் காய் இருப்பு வைத்திருந்தவர்கள். காயைப் பறித்தவர்கள் அன்றைக்கும் ஆம்லெட்தான் கேட்டார்கள்.

அவர்களைப் பற்றித்தான் எழுத வந்தேன். விடியும் முன்னே ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறுகிறார்கள். தூக்குவாளியில் கொண்டுபோன சோறு மதியத்தோடு சரி. நாள் முழுக்க ஈரத்தில் குனிந்து காய் எடுத்துவிட்டு இறங்கும்போது வயிறு காலி. அதே ஜீப்பில் வந்த பெண்கள் நேரே அடுப்படிக்குப் போகிறார்கள். ஆண்களில் ஒரு கூட்டம் நேரே கடைக்குப் போய் ஒரு குவார்ட்டரை வாங்கிக்கொண்டு பாருக்குள் நுழைகிறது. அங்கே தொட்டுக்கொள்ள என்ன கிடைக்கும்? காகிதத் தட்டில் மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்று, ஒரு கை சுண்டல், ஊறுகாய் பாக்கெட். வயிற்றில் சோறு இருந்தால் சாராயம் மெதுவாக இறங்கும். காலி வயிற்றில் நேரே சிறுகுடலுக்குப் போய் மளமளவென்று ரத்தத்தில் ஏறும். ஊறுகாயால் அதைத் தடுக்க முடியுமா?

பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். அங்கே கள்ளுஷாப்பில் கப்பையும் மீன்கறியும் இல்லாமல் பானை இறக்க மாட்டார்கள். சாப்பாட்டுக்காகவே குடும்பத்தோடு போகிற ஷாப்புகளும் உண்டு. கேரளத்துக் குடிகாரர்கள் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. கலப்படக் கள்ளும் அங்கே உண்டு, குடித்துக் கெட்ட குடும்பங்களும் உண்டு. ஆனால் குடிக்கிறவன் சாப்பிடவும் செய்வான் என்று அங்கே எதிர்பார்க்கிறார்கள். நம் பக்கம் 1987 ஜனவரி 1-ஆம் தேதியோடு கள்ளுக்கடை போயிற்று. 2003 நவம்பரிலிருந்து மதுச் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக் கைக்கு வந்தது.

வேடிக்கை என்னவென்றால், டாஸ்மாக் பாருக்கு விடும் டெண்டரே தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவும்தான். காகிதத்தின்படி பார் ஒரு சாப்பாட்டுக் கடை, என் கடை மாதிரி! என் கடைக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தால் எண்ணெய்ச் சட்டியை முகர்ந்து பார்க்கிறார், தண்ணீர்த் தொட்டியைத் திறக்கச் சொல்கிறார். பார்ச் சமையல்கட்டுக்கும் அதே கண்ணோடு ஒருநாள் போகட்டும். சாப்பாட்டுக் கடை என்றால் அங்கே சோறும் கிடைக்கட்டும்.

“கடையை மூடச் சொல்லுங்கண்ணே, அதை விட்டுட்டு உள்ளே சோறு போடச் சொல்றீங்களே” என்று கேட்கும் பெண்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். மூடினால் எனக்குச் சந்தோஷம்தான், பார்சல் வரும்படி போனால் போகட்டும். ஆனால் கள், சாராயக் கடைகளை 1971-இல் திறந்தார்கள், 1974-க்குள் மூடினார்கள், 1981-இல் மறுபடி திறந்தார்கள், 1987-இல் மறுபடி மூடினார்கள். அடுத்த பூட்டு வரும்வரை அந்தப் பெண்ணின் புருஷன் வெறும் வயிற்றோடுதான் குடிப்பான்.

சட்டம் போட்டுச் சோறு ஊட்டவும் முடியாது, அதுவும் தெரியும். 1896-இல் நியூயார்க்கில் ரெயின்ஸ் சட்டம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மது வேண்டுமென்றால் ஓட்டலில் சாப்பாட்டோடுதான் கொடுக்கலாம் என்றார்கள். சலூன்காரர்கள் பெயருக்கு ஓட்டலாக மாறி, காய்ந்துபோன ஒரே சாண்ட்விச்சை மேசைக்கு மேசை எடுத்து வைத்தார்கள். ரொட்டிக்கு நடுவில் செங்கல்லை வைத்தவர்களும் உண்டு. இங்கே கட்டாயமாக்கினால் என் குடலும் அப்படித்தான் ஒரே தட்டில் ஊர்வலம் போகும்.

அதனால் வாங்கத்தான் வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். டெண்டரில் ஒரே ஒரு நிபந்தனையைச் சேருங்கள்: சோறு, குழம்பு, அவித்த முட்டை, மரவள்ளிக் கிழங்கு, குடிதண்ணீர் இருக்க வேண்டும், விலையைப் பலகையில் எழுதி வாசலில் மாட்ட வேண்டும், முட்டைக்கும் சோற்றுக்கும் வெளிக்கடை விலைதான். முதலில் முணுமுணுக்கப்போவது எனக்குப் பார்சல் சொல்லும் அதே ஓனர்தான். அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. மாதாமாதம் கட்டும் டெண்டர் பணத்தை அவர் மாங்காய்க் கீற்றில்தானே எடுக்கிறார்? எனவே சமைத்துப் போடுகிற பாருக்கு அந்தப் பணத்தில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்யட்டும். 2024–25-இல் மது விற்பனையால் அரசுக்கு வந்தது 48,000 கோடி ரூபாய்க்கு மேல். இந்தத் தள்ளுபடி அதில் எந்த மூலைக்கு?