மகனின் படிப்பும் மகளின் காணியும்

வடமராட்சியிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் ஒரு வாரமாக எமது மேசைமீது கிடக்கிறது. உடனே மறுமொழி எழுதிவிடக்கூடிய கடிதமன்று அது. அவருடைய மகன் க. பொ. த. உயர்தரப் பரீட்சைக்குக் கணிதப் பிரிவில் இரண்டாந் தடவையுந் தோற்றி, மூன்று பாடங்களிலுஞ் சித்தியெய்தியிருக்கிறான். ஆயினும் பொறியியற் பீடத்துக்கு வேண்டிய வெட்டுப்புள்ளி கிட்டவில்லை. கொழும்பிலுள்ள தனியார் கல்லூரியொன்று, பிறநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பொறியியற் பட்டத்தை மூன்றே ஆண்டுகளிற் பெற்றுத் தருவதாக விளம்பரஞ் செய்திருக்கிறது. கட்டணம் 16 இலட்சம் ரூபா. வீட்டிலே அவ்வளவு பணமில்லை. மகளுக்கென்று ஒதுக்கிவைத்த ஐந்து பரப்புக் காணி உண்டு.

“அதை ஈடு வைத்து மகனைப் படிப்பிப்போம் என்று இவர் சொல்லுகிறார். எனக்கு இரவில் நித்திரையில்லை. நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்” என்று அத்தாயார் முடித்திருக்கிறார். மகளைப் பற்றி அக்கடிதத்தில் ஒரேயொரு வரிதான் உண்டு: “அவள் இவ்வருடம் சாதாரணதரம் எடுக்கிறாள், கெட்டிக்காரி.”

இக்கேள்வி இன்று எத்தனையோ வீடுகளில் எழுகின்றது. ஆதலின் இவ்வாரம் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறோம்.

இந்நாட்டிலே இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டில், கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், நடைமுறைக்கு வந்தது. கமக்காரன் வீட்டுப் பிள்ளையும் கடற்றொழிலாளி வீட்டுப் பிள்ளையும் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வரக் கண்டது அதன் பயனேயாகும். இன்றும் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் முதற்பட்டம் படிக்கும் மாணவனிடம் படிப்புக் கட்டணம் வாங்கப்படுவதில்லை. ஆனால், தகுதி பெறுவோர் பலர், இடங்களோ சில. தகுதியிருந்தும் இடம் பெறாதோரே பெரும்பான்மையினர். அவர்களின் வாட்டத்தையே மூலதனமாகக் கொண்டு சில கல்லூரிகள் விளம்பரஞ் செய்கின்றன.

பணம் வாங்கிப் படிப்பிக்கும் கல்லூரிகள் யாவுந் தீயன என்று நாம் சொல்ல வரவில்லை. பிறநாட்டுப் பட்டத்தை இங்கிருந்தே படிப்பதும் புதுமையன்று. 1921இற் கொழும்பிலே தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்படும்வரை, இலண்டன் பல்கலைக்கழகத்தின் பட்டங்களுக்கே மாணவரைப் பயிற்றி வந்தது. ஆகவே, பட்டம் எந்நாட்டது என்பதைவிட, அதற்கு நாம் முழுவதுமாகக் கொடுக்கும் விலை எவ்வளவு, அதனால் வரும் பயன் எவ்வளவு என்பனவே ஆராயத்தக்கவை.

முதலில் விலையைப் பார்ப்போம். விளம்பரத்திற் காணப்படுவது 16 இலட்சம். வடமராட்சிப் பிள்ளை கொழும்பிலே தங்க வேண்டும். அறை வாடகை, சாப்பாடு, பஸ் செலவு எல்லாவற்றுக்கும் மாதம் 40,000 ரூபா என்று மட்டாக வைத்தாலும், மூன்றாண்டுக்கு 14 இலட்சத்து 40 ஆயிரம். இரண்டையுங் கூட்டினால் 30 இலட்சத்தைத் தாண்டுகிறது. ஈட்டுக்கான வட்டி இதற்குப் புறம்பு. விளம்பரத் துண்டில் உள்ள தொகை உண்மைச் செலவிற் பாதியளவே என்பது இப்பொழுது விளங்கும்.

இன்னொன்றையுங் கவனிக்க வேண்டும். பரீட்சைக் கட்டணத்தையோ பதிவுக் கட்டணத்தையோ பிறநாட்டு நாணயத்திற் கட்டும்படி சில கல்லூரிகள் கேட்பதுண்டு. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத ஆரம்பத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர், சில வாரங்களுக்குள் 350 ரூபாவைக் கடந்துவிட்டது. டொலரிலே கட்டணம் பேசியிருந்த தகப்பன்மாரின் கதி என்னவாயிருக்கும்? எழுதிக் கையொப்பமிடுமுன், கட்டணம் எந்த நாணயத்தில், இடையிலே கூடுமா, பிள்ளை நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவற்றை எழுத்திலே பெற்றுக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது.

அடுத்தது பயன். பொறியியலாளனாக விரும்பும் பிள்ளை, அந்தப் பட்டத்தை இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் ஏற்றுக்கொள்ளுமா என்பதை அந்நிறுவகத்திடமே கேட்டறிய வேண்டும். வைத்தியப் படிப்புக்காகப் பிறநாடு செல்லும் பிள்ளை, திரும்பி வந்து இலங்கை மருத்துவச் சபையின் விதிகளுக்கமைந்த பரீட்சையிற் சித்தியடைந்தாலன்றி இங்கு வைத்தியஞ் செய்ய முடியாது. ஏனைய பட்டங்களைப் பற்றிப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு எழுதிக் கேட்கலாம். கல்லூரியின் வாசலில் இருப்பவரிடம் கேட்பது, கடைக்காரனிடமே அவன் சரக்கின் தரத்தைக் கேட்பது போலாகும். சென்ற இரண்டு மூன்று வருடங்களில் அங்கு படித்து வெளியேறியவர்கள் இன்று எங்கே என்ன வேலை பார்க்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். அவர்களைக் காட்டத் தயங்கும் கல்லூரியிற் பணத்தைக் கட்டத் தயங்குவதே புத்தி.

இனி, செலவு குறைந்த வழிகள் எவை? ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலில் எத்தனையோ பாடநெறிகள் உள்ளன. நம் பிள்ளைகளிற் பலர் பொறியியல், மருத்துவம் என்று மேலே உள்ள இரண்டொன்றை மாத்திரம் எழுதிவிட்டு ஏனையவற்றை ஏறெடுத்தும் பாராமல் விடுகிறார்கள். பொறியியலுக்கு எட்டாத புள்ளி பௌதிக விஞ்ஞானத்துக்கோ வேறொரு துறைக்கோ எட்டக்கூடும். வசதி குறைந்த மாணவருக்கு மகாபொல புலமைப்பரிசிலும் உதவிப்பணமும் உண்டு.

1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்திற் பொறியியற் பீடமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலே அதன் நிலையமும் உண்டு. அங்கே கட்டணம் கட்ட வேண்டும். எனினும் பாடம் பாடமாகப் பதிந்து, ஒரு வேலையும் பார்த்துக்கொண்டு படிக்கலாம். உயர் தொழில்நுட்பக் கல்லூரிகளின் முழுநேர டிப்ளோமாக்களுக்குப் படிப்புக் கட்டணமில்லை. ஆசிரியத் தொழிலை விரும்புவோர் கோப்பாயிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரியை நினைக்கலாம். கணக்கியலில் விருப்பமுள்ளோர், 1959இல் நிறுவப்பட்ட பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் பரீட்சைகளை, பயிற்சியின்போது சிறு வேதனமும் பெற்றுக்கொண்டே எழுதலாம். இவையெல்லாம் ‘கொழும்பிலே பெரிய காலேஜ்’ என்று ஊரிலே சொல்லிக்கொள்ள உதவமாட்டா. ஆனால், ஊரார் வந்து நமது ஈட்டை மீட்டுத் தரப் போவதுமில்லை.

இப்பொழுது அக்கடிதத்தின் ஒற்றை வரிக்கு வருவோம். “கெட்டிக்காரி” என்கிறீர்கள், சகோதரி. அப்படியானால் இன்னும் மூன்றாண்டுகளில் அவளும் உயர்தரம் முடித்து, இதே வாசலில் வந்து நிற்பாள். அன்று அவள் கேட்கும்போது வீட்டிலே என்ன இருக்கும்? காணி சீதனத்துக்கென்று வைத்ததுதானே என்று சிலர் சொல்லுவர். அது சீதனமாகட்டும், படிப்புக்கு உதவட்டும். அவளுக்கென்று வைத்தது அவளுடையது. அண்ணனுடைய படிப்புக்காக அதைத் தொடுவதாயின், அவளையும் அழைத்து உட்காரவைத்து, கணக்கைக் காட்டி, அவள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். தங்கையின் எதிரிலே இருந்து, “நான் உழைத்து மீட்டுத் தருவேன்” என்று சொல்ல மகனுக்குத் துணிவில்லையெனில், அப்படிப்பிலே அவனுக்கே நம்பிக்கையில்லை என்பது பொருள்.

எமது அபிப்பிராயத்தை ஒளிக்காமற் சொல்லுகிறோம். இப்பொழுது காணியை ஈடு வைக்க வேண்டாம். மகனைக் கைநூலை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கச் சொல்லுங்கள். பொறியியலாளர் நிறுவகத்துக்கு ஒரு கடிதம் அவனே எழுதட்டும். மூன்றாந் தடவை பரீட்சைக்குத் தோற்றவும் விதியில் இடமுண்டு. அதனாற் போவது ஒரு வருடமே. இவை யாவும் பார்த்த பின்னரும் அந்தக் கொழும்புக் கல்லூரிதான் சிறந்ததென்று உறுதியானால், நால்வரும் ஒன்றாயிருந்து தீர்மானியுங்கள்.

மகனுக்கும் ஒரு வார்த்தை. தம்பி, உன் தகப்பனார் காணியை ஈடு வைக்கவுந் துணிந்தது உன்மீது வைத்த அன்பினாலே. அந்த அன்பின் விலையை அறிந்து நடப்பதே நீ படிக்க வேண்டிய முதற்பாடம். கணிதத்திற் சித்தியடைந்தவன் நீ. இன்றிரவே ஒரு தாளை எடுத்து இக்கணக்கை நீயே போட்டுப் பார். தங்கையையும் பக்கத்தில் வைத்துக்கொள்.