இரும்புக்கடைக்குப் போகும் மடிக்கணினிகள்

நம் காலனி வீடுகள் பலவற்றுக்குள் முதல் கணினி நுழைந்தது 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால். இன்று ராயக்கோட்டைப் பக்கம் அவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுகிறோம். விண்டோஸ் ஓடவில்லையாம். விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. எத்தனை பேர் திறந்து பார்த்தோம்? பெட்டியைக் கொடுத்த அரசு, கற்றுத்தர ஆளைக் கொடுக்கவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

லினக்ஸ் வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கும் தோழர்களுக்கு ஒன்று. எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அங்கே லினக்ஸைக் கொண்டுவந்தவர் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அதே அதிகாரியை 2010இல் சாதிச் சான்றிதழ் பொய் என்று சொல்லி இடைநீக்கம் செய்தார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகே அது ரத்தானது.

சரி, பென்டிரைவுக்கு வருவோம். பூட் ஆகவில்லை என்றதும் ‘மெஷின் செத்துப்போச்சு’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஐஎஸ்ஓ கோப்பை வெறுமனே காப்பி செய்தால் பூட் ஆகாது. ரூஃபஸ் போன்ற ஒன்றால் எழுத வேண்டும். பழைய பயாஸ் கணினிக்கு ஜிபிடி அல்ல, எம்பிஆர் முறையைத் தேர்ந்தெடுங்கள். பென்டிரைவைச் செருகிய பிறகே கணினியை ஆன் செய்யுங்கள். பழைய பயாஸ் பலவற்றில் யுஎஸ்பி என்று தனிப்பெயர் இருக்காது. ஹார்டுடிஸ்க் வரிசைக்குள் ஒளிந்திருக்கும், அங்கே அதை முதலிடத்துக்கு ஏற்ற வேண்டும். செயலி 32 பிட் என்றால் இன்றைய உபுண்டு, மின்ட் ஏறாது. ஆன்டிஎக்ஸ் 23இன் 32 பிட் பதிப்பு ஏறும்.

லைவ் முறையில் நீங்களாகத் தொடாதவரை ஹார்டுடிஸ்க் அப்படியே இருக்கும். விண்டோஸ் செத்த மடிக்கணினியில் சிக்கிய சாதிச் சான்றிதழ் ஸ்கேனையும் மதிப்பெண் பட்டியலையும் இன்னொரு பென்டிரைவுக்கு எடுத்துவிடலாம். இதற்காகவே ஒவ்வொரு மாணவரும் இதைக் கற்க வேண்டும் என்கிறோம்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கிறது. அலுவலகங்கள் கழித்துக்கட்டும் நல்ல கணினிகள் இனி பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைகளுக்கு இன்னும் அதிகமாக வரும். படிப்பகத்துக்கு வாங்கப் போகும் தோழர்கள் லினக்ஸ் எழுதிய பென்டிரைவைச் சட்டைப்பையில் எடுத்துப் போங்கள். கடையிலேயே பூட் செய்து, வைஃபையும் கீபோர்டும் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.