மலைச் சைக்கிளுக்கு எந்த டயர்?

மகன் சைக்கிளுக்கு டயர் கேட்கிறாரா? விலையைப் பார்க்குமுன், அவர் ஓடும் பாதையைப் பாருங்கள் சகோதரிகளே!

காய்ந்து இறுகிய தோட்டப் பாதைக்கு, நெருக்கமான சிறு கட்டைகள் உள்ள டயர் இலகுவாக உருளும். மழைச் சேற்றில் அதுவே மண் அப்பி வழுக்கும். அங்கு உயர்ந்த, இடைவெளி விட்ட கட்டைகள் தேவை. கூரிய கற்களுக்குப் பக்கச்சுவர் தடித்த டயரே நல்லது.

முன்சக்கரம் வழுக்கினால் சமாளிப்பது கடினம். ஆகவே பிடிப்புக் கூடிய டயரை முன்னுக்கே போடுங்கள்.

ஈரத்தில் காற்றைச் சற்றுக் குறைத்தால் பிடிப்புக் கூடும். மிகவும் குறைத்தால் கல்லில் நசுங்கி ரியூப் ஓட்டையாகும். டயரில் அச்சிட்டுள்ள உச்ச அளவையும் தாண்டக் கூடாது.

சக்கரங்கள் 26, 27.5, 29 அங்குலம் எனப் பலவகை. பழைய டயரிலுள்ள இலக்கத்தைக் குறித்துக்கொண்டே கடைக்குச் செல்லுங்கள்.