வெறும் மணல்தானே!

"வெறும் மணல்தானேடா, இதுக்குப் போயி அந்தப் பாட்டி ஏன் இந்தக் கத்து கத்துறாங்க?"

அமெரிக்காவுல யூட்டா மாநிலம், மோவாப் ஊருக்குப் பக்கத்துல இருக்குற ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா. நாங்க அஞ்சு பேர் வாடகை வேன் எடுத்துட்டுப் போயிருந்தோம். செம்பாறை வளைவு முழுசா ஃபோட்டோவுல விழணும்னு கூட வந்த நண்பன் ஒருத்தன் பாதையை விட்டு இறங்கி ஏழு எட்டு எடுத்து வச்சான். அவ்வளவுதான். எதிர்ல வந்த பாட்டியம்மா பிடிச்சுக்கிட்டாங்க. கீழே பார்த்தா கரு கருன்னு முண்டும் முடிச்சுமா, கருகின அடை மாதிரி ஏதோ மணல் மேல படிஞ்சிருக்கு. இவன் மிதிச்ச இடமெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடக்கு.

அன்னிக்கு நான் இவன் கட்சி. (காரணம் பெருசா இல்லை, வேனை ஓட்டுனது அவன்.) அதுக்கப்புறம் அந்த மண்ணைப் பத்திக் கொஞ்சம் படிச்சேன், கட்சி மாறிட்டேன்.

கொலராடோ பீடபூமின்னு சொல்ற அந்த மேட்டு நிலம் மோவாப் பக்கம் 4,000 அடிக்கு மேல. வருஷத்துக்கு 8-லேர்ந்து 10 அங்குல மழை. நமக்குப் புரியுற மாதிரி சொல்லணும்னா 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. கொட்டுச்சே, அதுல பாதி அங்கே ஒரு வருஷத்துக்கு. அடியில முழுக்க மணற்பாறை. மேலே போர்வை மாதிரி கொஞ்சூண்டு சிவப்பு மணல். நிறைய இடத்துல முழங்கால் ஆழம் தோண்டுறதுக்குள்ள கடப்பாரை 'ணங்'குன்னு பாறையில முட்டும். அமெரிக்க மண் வகைப்பாட்டுல 50 செ.மீ.க்குள்ள பாறை வந்துட்டா 'லித்திக்'னு ஒரு அடைமொழி. வறண்ட பூமின்னா முன்னாடி 'டோரி'. அதாவது இந்த மண்ணோட பேரே 'காய்ஞ்சது, ஆழம் இல்லாதது'. நம்மூர்ல பட்டப்பேர் வைக்கிறவங்க தோத்தாங்க.

அவங்க வேளாண் துறை நிலத்தை 1-லேர்ந்து 8 வரைக்கும் தரம் பிரிக்குது. 1 நல்ல விளைநிலம், 8 எதுவும் பயிரிட லாயக்கில்லாதது. இந்த மாதிரி மண்ணெல்லாம் பெரும்பாலும் 7, 8-ல போய் உக்காந்திருக்கும். இதுல தப்பு சொல்ல மாட்டேன். ஏர் ஓட்டலாமான்னு ஒரு விவசாயி கேட்டா அதான் பதில். ஆனா அந்த நம்பரைப் பார்த்துட்டு "அப்ப இது சும்மா கிடக்குற மண்ணு"ன்னு முடிவு கட்டுறோம் பாருங்க, அங்கதான் எனக்கு ஒத்துக்கல.

முதல்ல தண்ணி விஷயம். மணல் தண்ணியைப் பிடிச்சு வைக்காதுன்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். மழை பெய்ஞ்சுக்கிட்டே இருக்குற ஊருக்கு அது சரி. வறண்ட ஊர்ல கதை தலைகீழ். களிமண்ணுல விழுந்த மழை மேலாக்கவே நின்னு வெயிலுக்கு ஆவியாப் போயிடும். மணல்ல விழுந்தா சர்ருன்னு கீழே இறங்கி வெயிலுக்குக் கிடைக்காத ஆழத்துக்குப் போயிடும். அங்கே பாறை தடுக்கும், தண்ணி பாறை வெடிப்புல புகுந்துக்கும். மொட்டைப் பாறையில ஜூனிப்பர் மரம் எப்படி நிக்குதுன்னு நான் வாயைப் பொளந்து பார்த்தேனே, அதோட வேர் அந்த வெடிப்புக்குள்ளதான் இருக்கு.

சாப்பாட்டு விஷயம் இன்னும் சுவாரசியம். மணற்பாறை உதிர்ந்தா கிடைக்கிறது பெரும்பாலும் குவார்ட்ஸ் மணல். அதுல செடிக்கு என்ன சத்து இருக்கு? இந்த மண்ணோட பாஸ்பரஸ், மெக்னீசியத்துல நல்ல பங்கு காத்துல எங்கிருந்தோ பறந்து வந்த நுண்தூசி. வந்த தூசி அடுத்த காத்துல கிளம்பிப் போயிடாம பிடிச்சு வைக்கிறது யாருன்னா, என் நண்பன் மிதிச்சானே, அந்தக் கருப்பு அடை! சயனோபாக்டீரியா, லைக்கன், பாசி எல்லாம் சேர்ந்து வாழுற உயிருள்ள பொருக்கு அது. சயனோபாக்டீரியா மழை பட்டதும் மணலுக்குள்ள நூல் நூலா ஊர்ந்து போகும், போற வழியெல்லாம் பசை மாதிரி உறையை விட்டுட்டுப் போகும், மணல் துணுக்கெல்லாம் அதுல ஒட்டிக்கும். காத்துல இருக்குற நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டு வர்றதும் பெரும்பாலும் இதுங்கதான். ஈரத்துல இருக்குறப்ப கொஞ்சம் தாங்கும். காய்ஞ்சிருக்கிறப்ப (அதாவது எப்பவும்) மிதிச்சா போச்சு. நூல் பாக்டீரியா சில வருஷத்துல திரும்பி வரலாம். லைக்கனும் பாசியும் பழையபடி வர பல பத்து வருஷம், சில இடத்துல அதுக்கும் மேல.

பக்கத்துல கேன்யன்லாண்ட்ஸ் பூங்காவுல மாடே மேயாத புல்வெளியையும், 1970-கள் வரைக்கும் மாடு மேஞ்ச புல்வெளியையும் ஒப்பிட்டு ஆராய்ச்சி பண்ணி 2005-ல வெளியிட்டாங்க. மாட்டை ஓட்டிவிட்டு 30 வருஷம் ஆகியும், மேஞ்ச நிலத்துல நுண்தூசி கணிசமாக் குறைவு. மேல்மண்ணுல கார்பனும் நைட்ரஜனும் பாதிக்கு மேல காணோம்.

காணாமப் போன தூசி எங்கே போச்சு? அந்த வட்டாரத்துல கிளம்புற தூசியில ஒரு பங்கு கிழக்கே கொலராடோ மலைப் பனி மேல போய் விழுது. 19-ம் நூற்றாண்டுல வெள்ளைக்காரக் குடியேற்றமும் மாட்டு மந்தையும் வந்தப்புறம் தூசி படியுறது சுமார் அஞ்சு மடங்குக்கு மேல ஏறுச்சுன்னு மலை ஏரிகளோட அடிவண்டலைத் தோண்டிக் கண்டுபிடிச்சிருக்காங்க (2008). அழுக்கான பனி வெயிலைத் திருப்பி அனுப்பாது, உள்ளே வாங்கிக்கும், சீக்கிரமே உருகும். பனி போன நிலத்துல செடி கொடி முன்னாடியே முளைச்சு தண்ணியைக் குடிக்க ஆரம்பிக்கும். இதனால கொலராடோ ஆத்துல வருஷத்துக்கு சுமார் 5 சதவீதம் தண்ணி குறையுதுன்னு 2010-ல ஒரு கணக்கு வந்துச்சு. கிட்டத்தட்ட 4 கோடிப் பேர் நம்பியிருக்குற ஆறு. 7 மாநிலம் 1922-ல பங்கு போட்டுட்டு இன்னமும் அடிச்சுக்கிட்டு இருக்குற ஆறு. காவிரி பார்த்த நமக்கு 5 சதவீதம்னா என்னன்னு சொல்லித் தரவா வேணும்?

அத்தனை தூசியும் இந்த ஆழமில்லா மண்ணுலேர்ந்துதான் வருதுன்னு சொல்லல. என் நண்பனோட ஏழு காலடியில மலைப்பனி அழுக்காயிடுச்சுன்னும் சொல்லல. சொல்லப்போனா எனக்கு உறுத்துறதே அதான். பூங்காவுக்குள்ள நடக்குறவனுக்கு அடிக்கு ஒரு போர்டு, கூடவே ஒரு பாட்டி. வேலிக்கு வெளியே அதே மண்ணு, அதே பொருக்கு. அங்கே பல இடத்துல மாடு மேய்க்க அரசாங்கமே பர்மிட் கொடுக்குது, ஜீப் ஓட்டத் தனித் தடமே இருக்கு. மோவாப்ல ஈஸ்டருக்கு ஜீப் திருவிழாவே 1967-லேர்ந்து நடக்குது. மேய்க்கிறவங்க பொழப்பு, வண்டி ஓட்டுறவங்களால ஊருக்கு வர்ற வருமானம், எல்லாம் புரியுது. ஆனா 'தரம் 7' மண்ணுன்னா தேய்ச்சாலும் நஷ்டமில்லைன்னு போடுற கணக்குல அந்த 5 சதவீதத்தை யார் தலையில எழுதுறாங்க? இந்த மண்ணு பார்க்குற வேலையே இருந்த இடத்துல இருக்குறதுதான். அதுக்குக் கூலி எந்தப் பட்டியல்லயும் இல்லை. நடக்குறவன் காலைக் கட்டுறதுக்கு முன்னாடி வேலிக்கு அந்தப் பக்கம் கணக்கைச் சரி பண்ணணும்ங்கிறது என் கட்சி.

அதுக்காக நாம பாதையை விட்டு இறங்கலாம்னு அர்த்தமில்லை. ஆர்ச்சஸுக்கு மட்டும் வருஷத்துக்கு 10 லட்சம் பேருக்கு மேல வர்றாங்க, ஆளுக்கு ஏழு அடின்னு வச்சா நீங்களே பெருக்கிப் பாருங்க.

பாட்டி கடைசியா ஒண்ணு சொன்னாங்க. "திரும்பி வரும்போது புதுசா மிதிக்காதே, போன தடத்துலயே கால் வச்சு வா." முணுமுணுத்துக்கிட்டே அப்படியே வந்தான். எட்டு எட்டா எடுத்து வச்சுத் தாவி வந்தது கொக்கு ஓணானைப் பிடிக்கப் போற மாதிரி இருந்துச்சு, நாங்க நாலு பேரும் சிரிச்சோம். அவன் எடுத்த ஃபோட்டோ நல்லாத்தான் வந்திருக்கு. நான் அவனை எடுத்த ஃபோட்டோவுல கீழ் ஓரத்துல தடம் தெரியுது. ஏழுதான் இருக்கு.