சும்மா இருக்க ஒரு கப்பல்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. மாணவன்)

கடலோரத்தில் பிறந்தவனுக்குக் கடலைப் பற்றி யார் சொல்லித் தர வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அன்பர்களே, கடலைப் பார்த்து வளர்வது வேறு; கடலில் களைப்பாறுவது வேறு. தூத்துக்குடியில் முதலாவது எல்லோருக்கும் கிடைத்திருக்கிறது. இரண்டாவது எத்தனை பேருக்குக் கிடைத்தது?

அண்மையில் எங்கள் வகுப்பில் ஒரு விவாதம் எழுந்தது. வேலைக்குப் போனதும் முதல் சம்பளத்தில் பெற்றோரை எங்கே அழைத்துச் செல்வது? ஒரு நண்பன் தயங்காமல் ‘உல்லாசக் கப்பல்’ என்றான். 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கார்டிலியா கப்பலின் படங்களைக் கைப்பேசியில் காட்டினான். நீச்சல் குளமும் நடன அரங்கும் கண்ணைப் பறித்தன. கட்டணத்தைப் பார்த்ததும் அரங்கம் அமைதியாயிற்று.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். உப்பளத்தில் உப்புச் சுமந்து என்னைப் படிக்க வைத்தவள் அவள்.

“கப்பல்ல போயி என்னய்யா செய்வாக?”

“சும்மா இருப்பாங்கம்மா.”

“சும்மா இருக்கதுக்கா இம்புட்டுத் துட்டு?” என்று சிரித்தாள். சிறிது நேரம் கழித்து, “ஒரு நாளாவது அப்படி இருந்து பாக்கணும்” என்றாள்.

தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கேற்றிச் சென்ற அப்பா, “கடல்ல நான் தூங்குனதவிட முழிச்சிக் கெடந்ததுதாம்ல அதிகம்” என்றார். கடலால் வாழும் வீடு இது, கடலில் ஓய்ந்ததில்லை. கடல் கடந்து பொருள் தேடச் சொன்ன முன்னோர், கடலில் ஓய்வு தேடச் சொல்ல மறந்துவிட்டார்களோ?

ஓய்வு செல்வர்க்கு மட்டும் உரியதன்று என்பதே என் கருத்து. ஒரு சிறு கடற்பயணம் உழைப்பவனுக்கும் எட்ட வேண்டும். அதுவும் நம் துறைமுகத்திலிருந்தே எட்ட வேண்டும்.

இது புதிய ஆசையன்று. 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது இந்த ஊரில்தான். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. போட்டிக்கு நின்ற வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. இலவசப் பயணம் என்றது. குடையும் தருவதாகச் சொன்னது என்பர். எந்தக் கப்பலில் ஏறுவது என்பதே அன்று ஒரு மானப் பிரச்சினையாக இருந்தது. அந்த மரபில் வந்த நமக்கு இன்று ஏறுவதற்கு ஒரு பயணிகள் கப்பல் கூட இல்லை!

2011 ஜூனில் ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற கப்பல் இங்கிருந்து கொழும்புக்குப் புறப்பட்டது. எனக்கு அப்போது ஐந்தாறு வயது. அப்பா தோளில் தூக்கி அதன் விளக்குகளைக் காட்டினார். மாலையில் ஏறினால் மறுநாள் காலையில் கொழும்பு. ஆனால் அந்த ஆண்டு நவம்பரிலேயே அது நின்றுபோனது.

“பார்த்தாயா, ஓடாது!” என்பார் சிலர். நான் மாறுபடுகிறேன். ஆயிரம் பேர் ஏறக்கூடிய பெரிய கப்பல் அது. ஆனி, ஆடிக் காற்று அடிக்கும் பருவத்தில் தொடங்கினார்கள். இந்தக் கரையில் 1961இல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது. அந்நாள்களில் குளிப்புக்குத் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் மாசி, பங்குனி, சித்திரையைத்தான். அப்போதுதான் கடல் அடங்கிக் கிடக்கும். ஏடறியாத முத்துக்குளிப்பவர் அறிந்ததை நாம் மறக்கலாமா?

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் சிறு கப்பல் விட்டார்கள். வடகிழக்குப் பருவமழை நெருங்கவே சில நாள்களில் நின்றது. 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். பெருங்கப்பல் வேண்டியதில்லை, பருவமறிந்த சிறு கப்பல் போதும் என்பதற்கு இது பாடம்.

கடவுச்சீட்டு இல்லாத என் அம்மாவுக்கு என்ன வழி? கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுவது அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். கூலித் தொழிலாளியும் அதில் ஏறுகிறான். சில நிமிடப் பயணத்தைத் தர முடிந்த அரசு, மாலையில் தூத்துக்குடியில் புறப்பட்டு, மன்னார் வளைகுடாவில் ஓரிரவு மிதந்து, காலையில் கரை திரும்பும் ஒரு பயணத்தைத் தரலாகாதா? பங்குனியில் மட்டும் ஓடட்டும். நடன அரங்கு வேண்டாம். படுக்க ஒரு பாய் போதும். உயிர்காப்பு அங்கி மட்டும் ஆளுக்கொன்று கட்டாயம் வேண்டும்.

தோழர்களே! நாளை நீங்கள் சம்பாதிக்கும்போது கப்பலைத் தேர்ந்தெடுக்கும் நிலை வரும். எத்தனை மாடி என்று முதலில் கேளாதீர்கள். எந்தப் பருவம், எத்தனை நேரம், நம் பெற்றோர் கூச்சமின்றி உட்கார இடமுண்டா என்று கேளுங்கள். இப்பட்டத்தை நான் பெறுவது அம்மாவின் தலைச்சுமையால். அந்தத் தலை, சுமையேதும் இல்லாமல், ஓரிரவாவது கடற்காற்றில் சாய்ந்திருக்க வேண்டும்.

அவள் சும்மா இருக்க ஒரு கப்பல் வேண்டும். கேட்பது பேராசையா? நீங்களே சொல்லுங்கள்.